ஒரு சுற்றுக்கு 39.6 செ.மீ.: மவுஸ் சென்ஸ் பிடித்த கதை

ஒரு முழுச் சுற்றுக்கு 39.6 சென்டிமீட்டர். வேலரண்ட் என்ற கணினிச் சுடும் ஆட்டத்தை விளையாட என் கைக்கும் மேசைக்கும் ஒத்துவந்த மவுஸ் சென்ஸ், அதாவது மவுஸை நகர்த்தினால் ஆட்டத்தில் பார்வை திரும்பும் வேகம், இதுதான். ஆட்டத்துக்குள் நிற்கிற ஆள் இருந்த இடத்திலேயே 360 டிகிரி சுற்றி மறுபடி அதே சுவரைப் பார்க்க, மவுஸை நான் 39.6 செ.மீ. தள்ள வேண்டும். முன்பெல்லாம் அந்தச் சுற்று 16 செ.மீட்டரிலேயே முடிந்துவிடும். இப்போது மவுஸில் இருப்பது 800 டிபிஐ (ஓர் அங்குலம் நகர்ந்தால் மவுஸ் அனுப்பும் எண்ணிக்கை), ஆட்டத்தின் மெனுவில் சென்ஸ் 0.40. இந்த இரண்டு எண்களை மட்டும் எடுத்துக்கொண்டுபோய் உங்கள் கணினியில் போட்டால் பெரிதாகப் பயன் இருக்காது. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். மெனுவில் ஆரம்பித்த வேலை, பாதிக்கு மேல் தச்சு வேலையாகவே முடிந்தது.

தட்டு வைத்த மேசை

வீட்டில் இருப்பது பழைய கணினி மேசை. மேலே மானிட்டர், கீழே இழுத்தால் வெளியே வருகிற கீபோர்டு தட்டு. நம் ஊர் வீடுகளில் அடிக்கடி பார்க்கிற சாமான்தான். தட்டின் உள்ளகலம் 68 செ.மீ. முழு கீபோர்டு 44 செ.மீ. எடுத்துக்கொள்ளும். மீதி 24. மவுஸின் அகலம் 6 போக, அது ஓடுவதற்கு 18 செ.மீ., அதாவது நடுவில் வைத்தால் பக்கத்துக்கு 9.

அப்போது என் செட்டிங் 1600 டிபிஐ, 0.5. பின்னால் திரும்ப, அதாவது 180 டிகிரிக்கு, சுமார் 8 செ.மீ. தேவை. இருக்கிற 9-க்குள் கச்சிதமாக அடங்குகிறது. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் அந்த வேகத்தை நான் தேர்ந்தெடுக்கவே இல்லை, தட்டுதான் எனக்காகத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்று புரிந்தது. மேசை எவ்வளவு இடம் விட்டதோ அதற்குத் தக்கபடி கை பழகியிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த வேகத்தில் என்ன கோளாறு? பக்கத்தில் வந்தவனைச் சுடுவதில் குறையில்லை. தூரத்தில் நிற்பவனின் தலைக்குக் குறி கொண்டுபோனால் தாண்டிவிடும், திருப்பினால் இந்தப் பக்கம் தாண்டும். காகிதத்தில் போட்டால் காரணம் உடனே தெரியும். 20 மீட்டர் தள்ளி 25 செ.மீ. அகலமுள்ள ஒரு தலை நம் கண்ணுக்கு முக்கால் டிகிரிக்கும் சற்றுக் குறைவான கோணத்தில்தான் தெரியும். சுற்றுக்கு 16 செ.மீ. என்ற வேகத்தில், அந்தத் தலையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை போக மவுஸ் நகர வேண்டியது 0.32 மில்லிமீட்டர். அதற்குள் நிறுத்த வேண்டும், அதுவும் எதிராளி சுடுவதற்கு முன். சுற்றுக்கு 40 செ.மீ. என்றால் அதே தலை 0.8 மி.மீ. ஆகிறது, கிட்டத்தட்ட ஓர் ஏடிஎம் கார்டின் தடிமன். ஏடிஎம் கார்டு தடிமனுக்குள் மவுஸை நிறுத்த என்னால் முடிகிறது. அதில் பாதிக்கும் குறைவான இடத்தில் முடியவில்லை.

எண்ணைச் செ.மீட்டராக மாற்றுவது

இ-டிபிஐ என்று ஒன்று சொல்வார்கள், டிபிஐயையும் மெனு சென்ஸையும் பெருக்கினால் வருவது. 1600 × 0.5 என்றாலும் 800 × 1 என்றாலும் 800தான், வேகமும் ஒன்றுதான். ஆனால் அந்த 800 ஒரு ஆட்டத்துக்குள் மட்டுமே செல்லும் காசு. வேலரண்டில் சென்ஸ் 1 என்றால் மவுஸ் அனுப்புகிற ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் 0.07 டிகிரி திரும்பும். கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 என்ற இன்னொரு சுடும் ஆட்டத்தில் 0.022 டிகிரிதான். அதனால் ஆட்டம் மாறினால் இ-டிபிஐயை வைத்து ஒப்பிட முடியாது, செ.மீட்டருக்கு வந்தே ஆக வேண்டும்.

கால்குலேட்டர் பக்கங்கள் நிறைய இருக்கின்றன. எனக்கு ஒரு வகுத்தலே போதுமாக இருந்தது. வேலரண்ட் என்றால் 13,063-ஐ இ-டிபிஐயால் வகுக்க வேண்டும், கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 என்றால் 41,564-ஐ. வருவது ஒரு சுற்றுக்கான செ.மீ. இந்த இரண்டு எண்களையும் மானிட்டரின் கீழ்விளிம்பில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இந்த வகுத்தலை வைத்துக் கவுண்டர்-ஸ்ட்ரைக்கின் பெரிய ஆட்டக்காரர்களின் எண்களைப் போட்டுப் பார்த்தேன். உக்ரைனின் சிம்பிள் நெடுங்காலம் 400 டிபிஐ, 3.09 வைத்திருந்தவர். சுற்றுக்கு 33.6 செ.மீ. பிரான்சின் ஜைவூ வைத்திருந்தது 400 டிபிஐ, 2.0. சுற்றுக்கு 52 செ.மீ. உலகின் முதல் ஆட்டக்காரர் யார் என்ற பட்டியலில் பல ஆண்டுகள் முதலிடம் பிடித்த இருவருக்குள் 18 செ.மீ. வித்தியாசம். யார் எண்ணையாவது காப்பியடிக்கலாம் என்ற யோசனையை அன்றோடு விட்டேன். இரண்டு பேரும் 16-க்குப் பக்கத்திலேயே இல்லை என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன்.

பேட் வாங்கியது முதலில், பலகை பின்னால்

வரிசை தப்பியது இங்கேதான். சென்ஸைக் குறைத்துப் பார்த்தால் தட்டின் சுவரில் மவுஸ் டக்கென்று இடித்தது. மவுஸ் பேட் சின்னது, அதனால்தான் இப்படி என்று 45 × 40 செ.மீ. துணி பேட் ஒன்று 550 ரூபாய்க்கு வாங்கிவிட்டேன். 24 செ.மீ. இடத்தில் 45 செ.மீ. பேட் எப்படி உட்காரும்? கீபோர்டுக்கு அடியில் பாதியை நுழைத்தேன். கீபோர்டு ஆடியது. தட்டின் ஆழமும் போதவில்லை, பேட்டின் முன்பக்கம் மடங்கித் தொங்கியது. பேட் சுருட்டியபடியே கொஞ்ச நாள் அலமாரி மேல் கிடந்தது.

பிறகு தட்டையே கழற்றிவிட்டு மேலே ஒரு பலகை போடலாம் என்று முடிவு. பிளைவுட் கடையில் 18 மி.மீ. கட் பீஸ், நாலடிக்கு இரண்டடி, 560 ரூபாய். மேலே ஒட்ட மைக்கா மிச்சத் துண்டு 150. மைக்கா வாங்குகிறவர்கள் வழவழப்பானதை எடுக்காதீர்கள். பளபளப்பு மைக்கா மீது துணி பேட் இடுக்கில் தூசி சேர்ந்ததும் வழுக்க ஆரம்பிக்கும், மேட் ஃபினிஷ் எடுத்தால் ஒட்டினாற்போல் நிற்கும். ஆசாரி வந்து மைக்காவை ஃபெவிகால் போட்டு ஒட்டி, மேலே கனமாக எடை வைத்து ஓர் இரவு விட்டு, மறுநாள் ஓரத்தை அரத்தால் சரிசெய்து தேய்த்துக் கொடுத்தார். கூலி 400. முன்விளிம்பை மட்டும் நன்றாக உருட்டச் சொல்லுங்கள். முன்கை முழுநேரமும் அந்த விளிம்பில்தான் கிடக்கும், கூராக இருந்தால் கையில் கோடு விழும்.

பழைய மேசையின் மேல்பலகை 45 செ.மீ. ஆழம்தான். புதுப் பலகை 61. முன்னால் 16 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. சும்மா மேலே வைத்துவிட்டு உட்கார்ந்தால், கையை ஊன்றியதும் பலகை பின்பக்கம் லேசாக எழும்பும். வேகமாக ஃபிளிக் செய்கிறபோது, அதாவது மவுஸைச் சட்டென்று வீசித் திருப்புகிறபோது, மானிட்டரே ஆடியது. அடியில் நான்கு எல் ஆங்கிள் போட்டு முடுக்கியதும் நின்றது. ஆங்கிளும் ஸ்க்ரூவும் சேர்த்து 100 ரூபாய். அரை இஞ்ச் ஸ்க்ரூவே போதும். முக்கால் இஞ்ச் போட்டால் முனை மைக்கா வரை போய் மேலே புடைக்க வாய்ப்பிருக்கிறது.

பலகை போட்டதும் மேசையின் உயரம் தரையிலிருந்து 77 செ.மீ. ஆகிவிட்டது. தட்டில் வைத்து ஆடியபோது 66. நாற்காலியை அப்படியே விட்டால் தோள் தூக்கிக்கொள்ளும். முழங்கை மேசை மட்டத்துக்கு வரும்வரை நாற்காலியை ஏற்றினேன், கால் தரையில் படவில்லை, பூஜையறையில் சும்மா கிடந்த மணைக்கட்டையைக் காலுக்கு வைத்துக்கொண்டேன். அம்மாவுக்கு இதில் இன்னமும் வருத்தம். நாற்காலியின் வலது கைப்பிடி பலகையில் இடித்ததால் அதைக் கழற்றியாயிற்று.

இப்போது பேட்டுக்கு 45 செ.மீ. முழுசாகக் கிடைத்தது. நடுவிலிருந்து பக்கத்துக்கு, மவுஸ் அகலம் போக, சுமார் 20 செ.மீ. ஆக, பின்னால் திரும்புவதற்கு 20 செ.மீ. என்று வைத்தால் ஒரே தள்ளலில் முடியும். அப்படியென்றால் சுற்றுக்கு 40. தொடங்குவதற்கு ஓர் எண் கிடைத்துவிட்டது. 13,063-ஐ 40-ஆல் வகுத்தால் 327, 800 டிபிஐக்கு 0.41. முழுசாக இருக்கட்டும் என்று 0.40.

800 என்று போட்டிருந்தால் 800-ஆ?

கணக்குப்படி 0.40-க்குச் சுற்று 40.8 செ.மீ. வர வேண்டும். வருகிறதா என்று அளந்துவிடலாம் என்று தோன்றியது. அளந்தது நல்லதாகப் போயிற்று.

தேவையானது 30 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல், ஓர் அடி நீள நேரான மரச்சட்டம், செல்லோடேப், ஒரு தீக்குச்சி. சட்டத்தைப் பேட்டின் மேல்பக்கம் குறுக்கே வைத்து இரு முனையும் டேப்பால் ஒட்ட வேண்டும், மவுஸின் மூக்கு அதில் உரசிக்கொண்டே பக்கவாட்டில் ஓட வேண்டும். சட்டம் இல்லாமல் வெறும் கையால் தள்ளினால் கை வில் போல வளையும், மவுஸ் லேசாகத் திரும்பும், அளவு தப்பும். ஸ்கேலைச் சட்டத்தின் மேலேயே ஒட்டினேன். தீக்குச்சியை மவுஸின் மேல் முதுகில் மூக்குப் பக்கம் நீட்டியபடி ஒட்டினால், மருந்து உதிர்த்த அதன் முனை ஸ்கேலில் கோட்டைக் காட்டும். தலையை நேர் மேலே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும், சாய்ந்து பார்த்தால் ஒரு மி.மீ. கூடக் குறையத் தெரியும்.

0.40-ல் முழுச் சுற்று ஸ்கேலுக்குள் அடங்காது. அதனால் மெனுவில் 0.80 ஆக்கினேன், சுற்று பாதியாகிவிடும், 20.4 செ.மீ. வர வேண்டும். ஆட்டத்திலேயே இருக்கிற பயிற்சி இடமான பிராக்டிஸ் ரேஞ்சுக்குள் போய், தூணின் செங்குத்து விளிம்பு ஒன்றில் குறியின் நடுப்புள்ளியை வைத்து, ஸ்கேலில் எண்ணைக் குறித்து, மெதுவாகத் தள்ளி, மறுபடி அதே விளிம்பு அதே புள்ளிக்கு வருகிறபோது நிறுத்தி எண்ணைப் பார்ப்பது. வேகமாகத் தள்ளக் கூடாது, நடுவில் தூக்கவும் கூடாது. இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் செய்து சராசரி எடுத்தேன். 19.8 வந்தது. அரை மி.மீ. இங்கே அங்கே போனாலும் 20.4 வரவே இல்லை.

திருப்பிக் கணக்குப் போட்டால் மவுஸ் உண்மையில் 825 டிபிஐ. மென்பொருளில் 800 என்று இருக்கிறது. 3 சதவீதம் அதிகம். இது பழுது ஒன்றும் இல்லை, மலிவு மவுஸோ விலை கூடியதோ, எழுதியிருக்கிற எண்ணிலிருந்து சில சதவீதம் விலகுவது சகஜம். இன்னொருவரின் எண்ணை அப்படியே போட்டால் சரியாக வராததற்கு இதுவும் ஒரு காரணம். நண்பனின் மவுஸையும் கடன் வாங்கி அதே சட்டத்தில் ஓட்டினேன். அதிலும் 800 என்றுதான் போட்டிருக்கிறது. அது 20.7 காட்டியது, கிட்டத்தட்ட 789 டிபிஐ. இரண்டும் ஒரே எண்தான், ஒன்றுக்கொன்று 4 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு.

ஆக 0.40 என்பது என் மவுஸில் சுற்றுக்கு 39.6 செ.மீ. மெனு எண்ணை மறந்துவிட்டு இதையே எழுதி வைத்துக்கொண்டேன்.

இடையில் ஒன்று. விண்டோஸில் என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன் என்ற டிக்கை எடுத்துவிடச் சொல்லி எல்லோரும் சொல்வார்கள். நானும் எடுத்துவிட்டேன், தப்பில்லை. ஆனால் வேலரண்டும் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2-ம் மவுஸிடமிருந்து நேராகவே எண்ணிக்கையை வாங்கிக்கொள்கின்றன, விண்டோஸ் வேகத்தைக் கேட்பதில்லை. டிக்கை எடுத்த அன்றே ஆட்டம் மாறிவிட்டது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போங்கள்.

பாதி, ஒன்றரை

தொடக்க எண்ணிலிருந்து சரியான எண்ணுக்குப் போக எல்லோரும் சொல்லும் வழி ஒன்று உண்டு. எண்ணின் பாதியையும் ஒன்றரை மடங்கையும் ஆடிப் பார்ப்பது. எது கைக்கு நன்றாக இருக்கிறதோ அதற்கும் தொடக்க எண்ணுக்கும் நடுவே புது எண்ணை வைப்பது. அடுத்த சுற்றில் இடைவெளியைக் குறைத்து மறுபடி. போகப் போக ஓர் எண்ணில் வந்து நிற்கும் என்பது கணக்கு.

எனக்கு என்ன ஆயிற்று என்றால், 0.40-க்கு 0.20, 0.60. கைக்குப் பிடித்தது 0.60. நடு எண் 0.50. அதற்கு 0.30, 0.70. பிடித்தது 0.70. நடு எண் 0.60. அதற்கு 0.42, 0.78. பிடித்தது 0.78. இந்தப் போக்கு எந்த எண்ணை நோக்கி இழுக்கிறது என்று பார்த்தேன். 1.0. அதாவது 1600 டிபிஐயில் 0.5. புறப்பட்ட இடம். பழகிய கையிடம் போய் எது நன்றாக இருக்கிறது என்று கேட்டால் அது பழகியதைத்தான் சொல்லும். வேகமான பழக்கத்திலிருந்து இறங்குகிறவர்களுக்கு இந்த வழி உதவாது என்பது என் முடிவு. புதிதாக மவுஸ் பிடிக்கிறவர்களுக்கு உதவலாம்.

அதனால் கையின் விருப்பத்தை விட்டுவிட்டு மார்க் போட ஆரம்பித்தேன். ரேஞ்சில் 30 பொம்மைகள் ஒவ்வொன்றாகத் தோன்றி மறையும் தேர்வு இருக்கிறது, நடுத்தர வேகத்தில் வைத்து எத்தனை விழுந்தது என்று எண்ணுவது. கூடவே இரண்டு. ஒன்று, பின்னால் திரும்பி ஒரு குறிப்பிட்ட கதவின் விளிம்பில் நிறுத்துவது. மற்றது, இடமும் வலமும் நடந்துகொண்டே சுவரில் ஒரு புள்ளியை விடாமல் பிடித்திருப்பது. டெத்மேட்ச், அதாவது எல்லோரும் எல்லோரையும் சுடுகிற ஆட்டத்தின் எண்களை நான் சேர்க்கவில்லை. அங்கே நீங்கள் எவ்வளவு நன்றாகச் சுட்டீர்கள் என்பதைவிட யார் முதுகைக் காட்டி நின்றார்கள் என்பதுதான் மார்க்கைத் தீர்மானிக்கிறது.

முதல் நாள் மார்க்கையெல்லாம் கிழித்துப் போட வேண்டியதாயிற்று. சக்கரத்துக்குக் கீழே இருக்கிற டிபிஐ பொத்தானில் விரல் பட்டிருக்கிறது, எப்போது என்று தெரியாது, பாதித் தேர்வு 1600-ல் நடந்திருக்கிறது. மென்பொருளில் மற்ற படிகளை நீக்கி 800 மட்டும் விட்டு, மவுஸின் சொந்த நினைவிலேயே சேமித்துவிட்டேன். இப்போது பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. இதை எல்லோரும் இன்றைக்கே செய்துவிடலாம்.

தங்கச்சியின் தேர்வு

எந்த எண்ணில் ஆடுகிறேன் என்று தெரிந்தால் மனசு சாயும். 0.40 ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு ஏற்கெனவே ஆசை. அதனால் தங்கச்சியைக் கூப்பிட்டு, நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள, அவளையே மெனுவில் எண்ணைப் போட வைத்தேன். ஒவ்வோர் எண்ணுக்கும் சில நிமிடம் மார்க் இல்லாமல் கை பழக்கம், பிறகு 30 பொம்மை.

"போட்டாச்சு. சுடுண்ணா."

"எவ்ளோ போட்ட?"

"அதைச் சொல்லணும்னா என்னை எதுக்குக் கூப்பிட்ட?"

அவளுடைய நோட்டில் வந்தது இப்படி. 0.20-க்கு 9. அது சுற்றுக்கு 79 செ.மீ., பேட் போதாமல் மவுஸைத் தூக்கித் தூக்கி வைத்தேன், எண் தெரியாமலே எண்ணைக் கண்டுபிடித்துவிட்டேன். 0.60-க்கு 13, தாண்டித் தாண்டிப் போனது. 0.36-க்கு 16, 0.50-க்கு 17. இன்னும் இரண்டு சுற்று, ஒன்றில் 19, ஒன்றில் 14. 19 வந்ததைக் கண்டதும் இதுதான் எண் என்று குதித்தேன். 14 வந்தது ஆகவே ஆகாது, கை கனமாக இருக்கிறது, நிச்சயம் 0.30 போட்டிருப்பாய் என்றேன்.

"ரெண்டும் 0.40 தாண்ணா. நீ என்ன சொல்றேன்னு பாக்கலாம்னு ரெண்டு தடவை போட்டேன்."

இந்த வேலையிலேயே உருப்படியான பரிசோதனை அதுதான், அதுவும் நான் யோசிக்காதது. ஒரே எண்ணுக்குள் 5 பொம்மை வித்தியாசம். 0.36-க்கும் 0.50-க்கும் நடுவே இருந்ததோ 1 பொம்மை. அப்படியென்றால் அந்த இடைவெளிக்குள் எது சிறந்தது என்று 30 பொம்மையை வைத்து என்னால் சொல்லவே முடியாது. தூக்கம், வியர்வை, மதியச் சாப்பாடு, இவையெல்லாம் 0.04 சென்ஸைவிடப் பெரிய வேலை செய்கின்றன. 0.20 கூடாது, 0.60 கூடாது என்று மட்டும் சொல்லலாம். நடுவில் எதை எடுத்தாலும் சரிதான். எனக்கு 0.40 எடுக்கக் காரணம் மார்க் இல்லை, பேட். ஒரே தள்ளலில் பின்னால் திரும்ப முடிகிற கடைசி வேகம் அது. அதற்குக் கீழே போனால் மேசை இடிக்கும், மேலே போனால் ஏடிஎம் கார்டு மெலிந்துகொண்டே போகும்.

அதற்குப் பிறகு எண்ணைத் தொடவில்லை. தோற்ற அன்று 0.42 ஆக்கலாமா என்று கை அரிக்கும். அந்த நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

எண்ணைத் தொடாமல் கிடைத்தது

மெதுவான சென்ஸுக்கு வந்ததும் மணிக்கட்டு வேலை முழங்கைக்குப் போகிறது. முன்கை முழுவதும் துணியில் உரசும். சென்னை மாதிரி ஊரில் வைகாசியில் முன்கை வியர்த்துப் பேட்டில் ஒட்டிக்கொள்ளும், மவுஸ் நகரும் முன் தோல் இழுபடும். காலையில் வழுக்கிய பேட் மாலையில் இழுக்கும். இதற்குத்தான் பலரும் சென்ஸைக் கூட்டிக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். சிக்னலில் பைக் ஓட்டுகிறவர்களுக்கு விற்கிற முழங்கை வரையான வெயில் உறை 80 ரூபாய். வலது கைக்கு மட்டும் அதைப் போட்டுக்கொண்டேன். ஒட்டுவது அப்படியே நின்றது. விளையாட்டுக்கென்றே விற்கிற உறையும் ஏறக்குறைய இதே மாதிரித் துணிதான், விலைதான் வேறு.

பேட்டை மாதம் ஒருமுறை குளியலறையில் விரித்து, ஷாம்பு துளி விட்டு உள்ளங்கையால் தேய்த்து அலசி, நிழலில் காய வைக்கிறேன். முறுக்கிப் பிழிந்தால் ரப்பர் அடிப்பாகம் அலையலையாக நின்றுவிடும், துண்டில் சுருட்டி அமுக்கி எடுத்தால் போதும். அடியில் ஈரம் இருக்கும்போதே மைக்கா மீது போட வேண்டாம்.

மவுஸின் அடியில் வழுக்குவதற்காக ஒட்டியிருக்கும் வெள்ளைப் பட்டை, அதாவது ஸ்கேட், தேய்ந்து ஓரம் பிசிறியிருந்தது, புதிது 220. பழைய பசையைச் சுத்தமாகச் சுரண்டாமல் ஒட்டினால் ஒரு மூலை உயர்ந்து மவுஸ் தத்தளிக்கும், அந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம். மவுஸின் கம்பி, பேட்டின் விளிம்பில் இழுபடுவதற்கு பைண்டர் கிளிப் ஒன்றை மானிட்டர் காலில் மாட்டி அதன் காதுக்குள் கம்பியை விட்டிருக்கிறேன். மவுஸ் பக்கம் ஒரு சாண் கம்பி தளர்வாக இருந்தால் போதும்.

இன்னொன்று, மவுஸ் பிடிக்கிற கோணம். கண்ணை மூடிக்கொண்டு பெயின்டில் இடமிருந்து வலமாகக் கோடு இழுத்துப் பாருங்கள். எனக்குக் கோடு வலப்பக்கம் மேலே ஏறியது. மவுஸை நேராகப் பிடித்திருப்பதாகக் கைக்குத் தோன்றுகிறது, உண்மையில் திருகி இருக்கிறது. கீபோர்டை இடப்பக்கம் ஒரு கை அளவு தள்ளிச் சாய்த்து வைத்ததும், உடம்பு மானிட்டருக்கு நேராக வந்து கோடு ஏறக்குறைய மட்டமானது. தலை உயரத்தில் குறியை வைத்தபடியே நடந்து மூலை திரும்புகிற பழக்கத்துக்கு இது மிகவும் உதவியது. அந்தப் பழக்கம் வந்துவிட்டால் ஃபிளிக்குக்கே பாதி வேலை இல்லை.

கணக்கும் மிச்சமும்

பிளை 560, மைக்கா 150, கூலி 400, ஆங்கிள் ஸ்க்ரூ 100, பேட் 550, உறை 80, ஸ்கேட் 220. மொத்தம் 2,060 ரூபாய். மவுஸ் அதேதான். மறுபடி செய்தால் முதலில் மேசையை அளப்பேன், பலகை போடுவேன், அதற்குப் பிறகுதான் பேட் கடைக்குப் போவேன். பலகையையும் நாலடிக்கு இரண்டரை அடியாக எடுப்பேன். இப்போது மானிட்டர் முகத்துக்குக் கொஞ்சம் கிட்டே இருக்கிறது. முழு கீபோர்டுக்குப் பதில் எண் பகுதி இல்லாத 36 செ.மீ. கீபோர்டு வாங்கினால் பேட்டுக்கு இன்னும் 8 செ.மீ. கிடைக்கும். அப்போது சுற்று 40-லிருந்து மாற வேண்டுமா என்று பார்க்கலாம்.

நண்பனின் மவுஸில் ஆட வேண்டி வந்தபோது 39.6 செ.மீட்டரையும் 789 டிபிஐயையும் பெருக்கி, 13,063-ஐ அதனால் வகுத்தேன். 0.418. மெனு மூன்று தசம இடம் வரை ஏற்றுக்கொள்கிறது. கவுண்டர்-ஸ்ட்ரைக் 2-க்கு, என் மவுஸிலேயே, 0.40-ஐ 3.18-ஆல் (0.07-ஐ 0.022-ஆல் வகுத்தால் வருவது) பெருக்கினால் 1.27. சட்டத்தை ஒட்டி அளந்ததில் அங்கேயும் 39.6 முதல் 39.7 வரை வந்தது.

தீராமல் இருப்பது ஆப்பரேட்டர் என்ற தொலைதூரத் துப்பாக்கியின் ஸ்கோப். 2.5 மடங்கும் 5 மடங்கும் பெரிதாக்கிப் பார்க்கிறபோது அதற்கென்று தனிப் பெருக்கி மெனுவில் இருக்கிறது, நான் 1.0-லேயே விட்டிருக்கிறேன். 5 மடங்கில் கை இன்னும் முந்துகிறது. தங்கச்சிக்கு அரையாண்டுத் தேர்வு முடியட்டும், நோட்டை அவளிடம் கொடுக்க வேண்டும்.